நானூற்றுப் பதினொரு பேர் ஏறவில்லை

பிறந்த தேதியா? மே ஒன்று என்று எழுதிக்கொள்ளுங்கள் டீச்சர். இல்லை, எழுதாதீர்கள். பேனாவை மூடி வையுங்கள். மற்றதையெல்லாம் கேளுங்கள். ஓட்டு வீடா, குழாய்த் தண்ணீரா, வண்டி உண்டா, எல்லாவற்றுக்கும் டக்கென்று பதில் வரும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒரு வரியில் சொல்ல முடியாது. சொன்னால் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் துரோகம்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். கனகா, டீச்சருக்கு மோர் கொண்டு வா. இன்னும் எத்தனை வீடு பாக்கி? முப்பத்தொன்றா? முடித்துவிடலாம். தேர்தல் என்றாலும் வாத்தியார், கணக்கெடுப்பு என்றாலும் வாத்தியார். உங்கள் சங்கம் என்ன செய்கிறது? ஒரு துண்டறிக்கையாவது போட்டார்களா? போடவில்லை. பார்த்தீர்களா.

என் தமிழ் உங்களுக்கு விசித்திரமாக இருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில்தான். கையில் கொடுத்ததை ஒன்று விடாமல் படித்தேன், பிறகு நானே எழுத ஆரம்பித்தேன், அப்புறம் பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால்கூட இவர் தீர்மானம் நிறைவேற்றிவிட்டுத்தான் வருவார் என்பாள் கனகா. அவள் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். அது இந்தக் கதைக்கு முக்கியம். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அலமேலு செயின் கம்பெனி. முதலாளி தன் அம்மா பெயரை வைத்திருந்தார். சைக்கிள் செயின் செய்வோம். நான் அங்கே தொழிற்சங்கச் செயலாளர், பத்தொன்பது வருடம். சங்கிலி செய்கிறவர்களிடம் போய்ச் சங்கிலியை உடைத்தெறியுங்கள் என்று பேசுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. முதல் கேட் கூட்டத்தில் அப்படித்தான் முழங்கினேன். தரப் பரிசோதனையில் இருந்த சவரிமுத்து எழுந்து, "உடைஞ்சா மால் ரிட்டர்ன் வந்துடும் தலைவரே, பார்த்துப் பேசுங்க" என்றான். மொத்தக் கூட்டமும் சிரித்தது. அன்றைக்கு அவனை வெறுத்தேன். அடுத்த வாரம் அவன்தான் எனக்காகச் சைக்கிளில் பசை வாளியை மாட்டிக்கொண்டு போஸ்டர் ஒட்டினான். இந்தச் சவரிமுத்துக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

எண்பத்தெட்டில் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கண்ணாடி அறை, குளிர்பதனம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயில் மாதிரி. அதற்குப் படையல் வேண்டாமா? பர்சனல் மேனேஜர் தேவசகாயம் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, முகவரி. உங்கள் கையில் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே மாதிரி.

எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களைப் பட்டியல் எடுத்து வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. கையால் பட்டியல் எடுத்தால் ஒரு மாதம் ஆகும், அதற்குள் நாங்கள் நாலு ஊர்வலம் போய்விடுவோம். கம்ப்யூட்டர் என்றால் ஒரு பொத்தான். படிவத்தைக் கொடுக்க மாட்டோம் என்றால் வேலைநீக்கம். கொடுத்தால் பட்டியல். என்ன செய்வீர்கள்? நீங்கள் என்றால் கொடுத்திருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் சங்கம் அப்படி.

நான் யோசித்தேன். மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் துண்டறிக்கை வந்தது. தலைப்பு: 'படிவம் அல்ல, படுகுழி!' அதில்தான் ஒரே பதில் போராட்டத்தை அறிவித்தேன். படிவம் கொடுப்போம். எல்லோரும் கொடுப்போம். ஆனால் எல்லோரும் ஒரே பதிலைக் கொடுப்போம். பெயர்: உழைப்பாளி. தகப்பன் பெயர்: உழைப்பு. பிறந்த தேதி: மே ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. முகவரி: சங்க அலுவலகம். ஐம்பது என்று எப்படி முடிவானது என்றால், செயற்குழுவில் ஒருவர் நாற்பத்தெட்டு என்றார், ஒருவர் ஐம்பத்திரண்டு என்றார், நடுவில் சமரசம் செய்தோம். இப்போது எடுக்கட்டும் வயதுப் பட்டியல்! எல்லோருக்கும் ஒரே வயது. எல்லோரும் ஒரே நாளில் பிறந்த ஒரு தகப்பன் பிள்ளைகள்.

கேட் கூட்டத்தில் பேசினேன். "எங்களை எண்ணிப் பார்க்க நினைக்கிறாயா? எண்ண முடியாது. நாங்கள் நானூறு பேர் அல்ல. நாங்கள் ஒரே ஆள்!" அப்படி ஒரு கைதட்டல் என் வாழ்நாளில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எல்லோரும் கைதட்டினார்கள் டீச்சர். ஆனால் அதை அப்படியே நம்பியது யார் தெரியுமா? அந்தக் கம்ப்யூட்டர் மட்டும்தான். அதுவும் முப்பத்தாறு வருடம் கழித்து.

மொத்தம் நானூற்று முப்பத்தாறு தொழிலாளிகள். இருபத்துமூன்று கருங்காலிகள் சொந்தப் பெயர், சொந்தத் தேதி எழுதிக் கொடுத்தார்கள். அந்த இருபத்துமூன்று பெயரையும் நான் அச்சடித்து ஒட்டினேன். அதற்குப் பிறகு வருடா வருடம் மே தினத்தன்று அந்தப் பெயர்களை மேடையில் வாசிப்பேன். பத்து வருடமாவது வாசித்திருப்பேன். ஒவ்வொரு முறையும் சவரிமுத்து மேடைக்குப் பின்னால் போய் பீடி பற்றவைத்துக்கொள்வான். ஏன் என்று நான் கேட்டதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது நான் மற்றவர்களைக் கவனிப்பதில்லை. இப்போதும் பாருங்கள், மோரைக் குடிக்க விடாமல் பேசுகிறேன். குடியுங்கள்.

போராட்டம் வென்றது. அதை யாரும் மறுக்க முடியாது. எண்பத்தொன்பதில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஷரத்து ஆறு: ஓய்வு பெற்ற தொழிலாளிக்கும் அவர் துணைக்கும் ஆயுள் முழுக்கக் கம்பெனி மருத்துவம் பார்க்கும். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனியிலும் இல்லாத ஷரத்து. அதோடு விட்டிருக்கலாம். தேவசகாயம் பேனாவைத் திறந்துவிட்டார். நான்தான், "ஒரு நிமிடம், இன்னொன்று இருக்கிறது" என்றேன். ஷரத்து ஏழு. நானே சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். 'மேற்படி படிவங்களில் கண்ட விவரங்களை நிர்வாகம் எக்காலத்திலும், எக்காரணம் கொண்டும் தொழிலாளர்களிடம் மீண்டும் கோராது.' எக்காலத்திலும், எக்காரணம் கொண்டும். அந்த இரண்டு சொல்லையும் எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தேவசகாயம் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவர் என்ன செய்தார் தெரியுமா? நாங்கள் எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்து மாற்றாமல் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். உழைப்பாளி, உழைப்பு, மே ஒன்று. நானூற்றுப் பன்னிரண்டு தடவை. எங்களுக்கு அதனால் ஒரு தொல்லையும் வரவில்லை. சம்பளச் சீட்டில் பெயரே கிடையாது, டோக்கன் நம்பர் மட்டும்தான். பி.எஃப். அரசாங்கத்தின் ஏடு, அது வேறு. ஓய்வு பெற்ற பிறகும் கம்பெனி டிஸ்பென்சரிக்குப் போனால் கம்பவுண்டருக்கு எங்கள் முகம் தெரியும், இருமல் தெரியும். ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். காகித ஏடுகள் இருந்தன. பெருவெள்ளத்தில் கூழாகிவிட்டன. அதையும் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

பிறகு கம்பெனி கைமாறியது. புதிய நிர்வாகம் டிஸ்பென்சரியை மூடியது. இனிமேல் ஓய்வு பெற்றவர்களுக்கு இன்சூரன்ஸ் அட்டை, எந்த ஆஸ்பத்திரியிலும் நீட்டலாம் என்று கடிதம் வந்தது. சட்டப்படி நான் எதிர்த்திருக்க வேண்டும். கடிதம் நல்ல தமிழில் இருந்ததால் விட்டுவிட்டேன். மார்ச் முப்பத்தொன்றோடு பட்டியல் மூடப்படும், அதற்குள் பெயர் இருந்தால் அட்டை உண்டு என்று கடைசி வரியில் இருந்தது. பெயர் எப்படி இல்லாமல் போகும்?

பிப்ரவரி கடைசியில் சங்க அலுவலகத்துக்கு ஒரு கூரியர் வந்தது. அப்போது நாங்கள் ஐந்து பேர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தோம். கூரியர்காரர் உறையைப் பார்த்துப் பார்த்து, "இங்க உழைப்பாளி யாருங்க?" என்றார். ஐந்து பேரும் கை தூக்கினோம்.

"கிண்டல் பண்ணாதீங்க பெரியவரே, ஒரு கவர்தான் இருக்கு."

பிரித்தால் ஒரு அட்டை. உழைப்பாளி, த/பெ உழைப்பு. ஒரே ஒரு அட்டை. மீதி நாளை வரும் என்றேன். சவரிமுத்துக்கு அப்போதே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, மாற்றியாக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அட்டை கொண்டு வாங்க, ஏப்ரல் முதல் வாரத்துல பண்ணிடலாம்." அட்டை இல்லாமல் அந்த ஆஸ்பத்திரிப் படியில்கூட அவனால் ஏற முடியாது. நாலு நாள் பார்த்தோம். மீதி அட்டை வரவில்லை. நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனேன்.

கண்ணாடி அறை அதே இடத்தில்தான் இருந்தது. செருப்போடு போகலாம் என்றார்கள். அது ஒன்றுதான் முன்னேற்றம். உள்ளே பெனாசிர் என்று ஒரு அம்மா. பழைய கம்ப்யூட்டரில் இருப்பதைப் புதியதுக்கு மாற்றுவதற்காக வந்தவர். முகத்தில் கோபமே வராத பெண். அதுவே எனக்குக் கோபம். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"ஒவ்வொருத்தர் பேரா டைப் பண்ணா மாசக்கணக்குல ஆகும் சார். அதனால மொத்தமா ஏத்திடுவோம். பழைய சிஸ்டத்துல இருக்கறதை ஒரே ஃபைலா எடுத்து, புது டேபிள்ல, அதாவது புதுப் பட்டியல்ல, ஒரே தள்ளு."

"எவ்வளவு நேரம் தள்ளினீர்கள்?"

"நாலு செகண்ட் சார்."

"நாலு நொடி! ஒரு வருடப் போராட்டம் அம்மா அது!"

"இருக்கட்டும் சார். அந்த டேபிளுக்கு ஒரு விதி இருக்கு. ஒரு ஆள் ஒரு தடவைதான் ஏறலாம். பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி, அட்ரஸ் நாலும் ஒண்ணா இருந்தா, அது அதே ஆள்னு எடுத்துக்கும். முதல்ல வந்தது ஏறும். மத்ததெல்லாம் தனியா ஒரு ஃபைல்ல விழுந்துடும். ஏறாதவங்க ஃபைல்."

"டோக்கன் நம்பர் இருக்கிறதே? அது ஆளுக்கு ஒன்றுதானே?"

"ஒருத்தர் ரிட்டயர் ஆனதும் அதே நம்பரை அடுத்தவருக்குக் குடுத்திருக்காங்க சார். ஒரு நம்பர்ல மூணு பேர் இருக்காங்க. அதை வச்சு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது."

"சரி. ஏறாதவர்கள் எத்தனை பேர்?"

"நானூத்திப் பதினொண்ணு."

பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? ஒரு நொடி, அந்த நாலு நொடியில் ஒரு நொடி. நாங்கள் ஒரே ஆள் என்று நான் சொன்னதை அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை, முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை, லேபர் கோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு இயந்திரம் ஒப்புக்கொண்டுவிட்டது. அடுத்த நொடி சவரிமுத்து நினைவுக்கு வந்தான். அவனும் அந்த ஃபைலில்தான் கிடக்கிறான், மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஏறினவங்க இருபத்தஞ்சு பேர் சார்" என்றார் பெனாசிர். கணக்குப் போட்டேன். கருங்காலிகள் இருபத்துமூன்று. உழைப்பாளி ஒன்று. இருபத்துநாலு. "இருபத்தைந்தாவது யார்?" என்றேன். பெயர் தெரிந்தால் அந்தத் துரோகியை மே தினத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

பெனாசிர் திரையைப் பார்த்து வாசித்தார். "வே. ஏகாம்பரம். அப்பா பேரு வேதாசலம். அட்ரஸ் கள்ளிக்குப்பம். இவரோடது ரொம்ப சுத்தமா இருக்கு சார். எழுத்துப்பிழைகூட இல்ல."

டீச்சர், கதவு இலக்கத்துக்குக் கீழே என் பெயரைப் படித்துவிட்டுத்தானே உள்ளே வந்தீர்கள். ஆமாம். நான்தான்.

அப்போதுதான் நானும் என் பேனாவை மூடினேன்.

வீட்டுக்கு வந்தால் என் பெயருக்கும் ஒரு அட்டை வந்து, நாலு நாளாக மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. கனகா பத்திரப்படுத்தியிருக்கிறாள். எண்பத்தெட்டில் என்ன நடந்தது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். கடைசி நாளன்று நான் கேட் கூட்டத்தில் இருந்திருக்கிறேன். சங்கப் படிவங்களைக் கட்டுக் கட்டாகச் சவரிமுத்து கொடுத்துவிட்டான். அதில் என்னுடையதும் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அது இங்கே மேசைமேல் காலியாகக் கிடந்திருக்கிறது. கம்பெனி பியூன் வீடு தேடி வந்து கேட்டிருக்கிறான். இவள் எஸ்.எஸ்.எல்.சி. இல்லையா, முத்து முத்தாக நிரப்பிக் கொடுத்துவிட்டாள்.

"ஏன் செய்தாய்?" என்றேன்.

"பேரு என்னன்னு கேட்டிருந்தான். பேரைத்தான எழுதணும்? வேற எதை எழுதச் சொல்றீங்க?"

"போராட்டம் நடந்தது உனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னாத்தான தெரியும்?"

ஊருக்கெல்லாம் துண்டறிக்கை கொடுத்தேன். வீட்டுக்கு ஒன்று கொண்டுவரவில்லை. அட்டையைக் கிழித்துப் போடப் பார்த்தேன். பிளாஸ்டிக். கிழியவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சவரிமுத்திடமும் சொல்லவில்லை. புது நிர்வாகத்தின் எச்.ஆர். அதிகாரியிடம் போய், "ஏறிய அந்த ஒரு உழைப்பாளி யார் என்று யாருக்கும் தெரியாது, அதனால் நானூற்றுப் பன்னிரண்டு பேரிடமும் புதிதாக விவரம் கேளுங்கள், ஒரு வாரத்தில் முடிந்துவிடும்" என்றேன். அவர் ஒரு பழைய காகிதத்தை என் பக்கம் திருப்பினார். ஷரத்து ஏழு. எக்காலத்திலும், எக்காரணம் கொண்டும்.

"நாங்க கேட்டா ஒப்பந்த மீறல் சார். நீங்களே கேஸ் போடுவீங்க."

போட்டிருப்பேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

"ஒரு வழி இருக்கு" என்றார். "கையெழுத்துப் போட்டவர் எழுதிக் குடுத்தா விலக்கிக்கலாம். சங்கத்துத் தரப்புல மூணு கையெழுத்து. ரெண்டு பேர் இறந்துட்டாங்க. நீங்க மட்டும்தான் இருக்கீங்க. ஷரத்து ஏழை விலக்கிக்கிறோம்னு ஒரு வரி போதும்."

அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் சும்மா இருக்கவில்லை. 'ஷரத்து ஏழு: வரலாற்றுச் சாதனையை விட்டுத்தரோம்!' என்று எட்டுப் பக்கத்தில் ஒரு துண்டறிக்கை எழுதினேன். எட்டுப் பக்கம் என்றால் அது துண்டு இல்லை, அதுவும் தெரியும். அச்சகத்துக்குப் போகும் வழியில் சவரிமுத்து வீட்டில் நுழைந்து அவனுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவன் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டுமாம். பொறுமையாகக் கேட்டான். கடைசியில்,

"நல்லா இருக்கு தலைவரே. என் பதினாறாம் நாளுக்கு இதையே அடிச்சுக் குடுத்துடலாம்" என்றான்.

அவன் மனைவி ரோஸ்மேரி கதவோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அச்சகத்துக்குப் போகவில்லை. நேராகக் கம்பெனிக்குப் போய் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தேன்.

எழுதிக் கொடுத்ததும் படிவக் கட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆளைத் தேடி அலைவது எங்கள் வேலை இல்லை, உங்கள் ஆட்களை நீங்களே பிடியுங்கள் என்றார்கள். பதினெட்டு நாள்தான் இருந்தது. எல்லோரும் ஒரே மாதிரி எழுதுங்கள் என்று அன்று கேட்டில் நின்று கத்தியவன், வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரும் அவரவர் பெயரை எழுதுங்கள் என்று கெஞ்சினேன். ஓட்டேரி, பாடி, ஆவடி, திருநின்றவூர். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாதா டீச்சர்? அதனால்தான் உட்காரச் சொன்னேன்.

என்னென்ன கேட்டார்கள் தெரியுமா? "தலைவரே, படுகுழி திரும்ப வந்துடுச்சா?" "இந்தத் தடவை அப்பா பேரு என்ன போடணும், மூலதனமா?" பாடியில் ஒருவர் படிவத்தைக் கையில் வாங்கவே இல்லை. "எழுதித் தரக்கூடாதுன்னு நீங்க சொன்னது என் மனசுல கல்வெட்டு மாதிரி இருக்கு, இப்ப யாரு சொன்னாலும் எழுத மாட்டேன்" என்றார். சொன்னவன் நான்தான் என்று எடுத்துச் சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது. அப்படி ஒரு தொண்டனை நான் உருவாக்கியிருக்கிறேன் என்று பெருமைப்படுவதா, முட்டிக்கொள்வதா?

கடைசிப் படிவம் சவரிமுத்துடையது. வேண்டுமென்றே கடைசியாக வைத்தேன். அவன் முகத்தைப் பார்க்கப் பயம். அவன் நிரப்பி முடித்துவிட்டுப் படிவக் கட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினான். தரப் பரிசோதனைக்காரன், பழக்கம் விடாது. பிறகு கேட்டான்.

"உன்னோடது எங்கடா ஏகா?"

தனியாக இருக்கும்போது அவன் என்னைத் தலைவரே என்று சொல்வதில்லை. நான் எழுந்து நின்றேன். மேடையில் நிற்பதுபோல நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயர் ஏறிவிட்டது, கருங்காலிகளோடு ஏறிவிட்டது, அட்டை மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது, நான் தலைவனாக இருக்கத் தகுதியில்லாதவன் என்று சொல்லி முடித்தேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்தவில்லை. மூச்சு இழுத்தது. ரோஸ்மேரி தண்ணீரோடு ஓடி வந்து, "அவரைச் சிரிக்க வைக்காதீங்கண்ணே, டாக்டர் கூடாதுன்னிருக்காரு" என்றாள்.

"எண்பத்தெட்டுலயே தெரியும்டா" என்றான் சவரிமுத்து.

"என்ன தெரியும்?"

"தேவசகாயம் உன் ஃபாரத்தை எங்கிட்ட காட்டுனாரு. உங்க தலைவன் கையெழுத்தைப் பாரு, நோட்டீஸ் போர்டுல ஒட்டட்டுமான்னாரு. ஒட்டிக்கங்க சார், இது அவன் கையெழுத்தே இல்ல, அவன் எழுதுனா இதுல பாதி பிழையா இருக்கும்னேன். எங்க ஆளுங்ககிட்டயும் சொல்லிட்டேன். ஒட்டுனா யாரும் நம்பாதீங்கடான்னு. அந்தாளு ஒட்டவே இல்ல."

"எல்லோருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும்."

"ஏன்டா என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னா ராஜினாமா பண்ணுவ. பண்ணிட்டு அதுக்கு ஒரு துண்டறிக்கை வேற போடுவ. அதை யாரு படிக்கறது?"

நானூற்றுப் பன்னிரண்டு பேர் டீச்சர். ஒரு ரகசியத்தை. முப்பத்தாறு வருடம். கல்யாணம், கருமாதி, குடி, சண்டை, எத்தனை நடந்திருக்கும், ஒருவன்கூட வாய் தவறவில்லை. மே தினத்துக்கு மே தினம் நான் இருபத்துமூன்று பெயரை வாசிப்பேன். இருபத்துநாலாவது பெயர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது அத்தனை பேருக்கும் தெரியும். கேட்டுக்கொண்டு கைதட்டினார்கள். இந்தப் போராட்டத்துக்கு நான் துண்டறிக்கை எழுதவே இல்லை.

படிவங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முப்பத்தொன்றாம் தேதி மதியம் பெனாசிர் போன் செய்தார். "சார், ஒரு சந்தேகம். இதுல அறுபத்திமூணு பேர் திரும்பவும் மே ஒண்ணுன்னே எழுதியிருக்காங்க." சிலருக்கு உண்மையான தேதி தெரியாது. சிலருக்குத் தெரியும், ஆனால் அத்தனை வருடம் அந்தத் தேதியில் பிறந்துவிட்டு மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை. "மறுபடியும் விழுந்துவிட்டார்களா அம்மா?" என்றேன்.

"இல்ல சார். தேதி ஒண்ணா இருந்தா பரவாயில்ல. பேரு வேற வேறயா இருக்குல்ல. ஏறிட்டாங்க."

சவரிமுத்துக்கு ஏப்ரல் எட்டாம் தேதி வால்வு மாற்றினார்கள். உலோக வால்வு. காதை வைத்துக் கேட்டால் டிக் டிக் என்கிறதாம். "ரிட்டர்ன் வராத மால்" என்று எல்லோரிடமும் நெஞ்சைத் தட்டிக் காட்டுகிறான். ஏறியது முன்னூற்று எண்பத்தாறு. இருபத்தாறு பேர் ஏறவில்லை. வீடு மாறிப் போனவர்கள், ஊருக்குப் போய்விட்டவர்கள், இறந்துபோன சிலரின் மனைவிகள். திருநின்றவூரில் ஒரு வீட்டை நான் ஏப்ரல் மூன்றாம் தேதிதான் கண்டுபிடித்தேன். இன்னும் ஒன்பது நாள் கிடைத்திருந்தால்... அதை விடுங்கள். நிர்வாகம் தேதியை நீட்டியிருக்க வேண்டும். அதற்குத்தான் இப்போது மனுப் போட்டு நடந்துகொண்டிருக்கிறேன்.

அந்த முதல் அட்டை, உழைப்பாளி அட்டை, சங்க அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஆண்டுக்கொரு முறை இன்சூரன்ஸ்காரர்கள் அவருக்கு உடல் பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் போடுகிறார்கள்.

மன்னித்துக்கொள்ளுங்கள், உங்கள் நேரம் போய்விட்டது. பேனாவைத் திறங்கள். மே ஒன்று வேண்டாம். உண்மையான தேதி... கனகா! இங்கே வா. டீச்சர் என் பிறந்த தேதி கேட்கிறார்கள். புரட்டாசி என்று தெரியும், ஆயுத பூஜை அன்று என்றும் தெரியும். முதலாளி பொரி கொடுக்கிற நாளில் பிறந்தவன் என்று மேடையில் சொல்லிக்கொள்ள முடியுமா? அதனால் மறந்துவிட்டேன். நீயே சொல்.

கேட்டீர்களா? நிற்காமல் சொல்கிறாள் பாருங்கள், தேதி, மாதம், வருடம், நேரம்கூட. எழுதிக்கொள்ளுங்கள். எண்பத்தெட்டில் எழுதியதும் இதேதான், ஒரு எழுத்து மாறவில்லை. ஒரே பதில் போராட்டத்தில் கடைசிவரை நின்றது இவள் ஒருத்திதான்.